மாஸ்டர் கையால் எழுதிய ஒரு வரி

வரிசைப்படுத்தாமல் எழுத எனக்கு வராது. அந்தோணிமுத்து மாஸ்டரைப் பற்றி நான் சொல்லப்போவது இவ்வளவுதான்:

1. செய்தி வந்த விதம்.
2. அவர் பிள்ளைகளை வெளியே அனுப்பிய முறை.
3. அவரிடம் நான் கண்ட ஒரே குறை: அவசரம்.

கடந்த செவ்வாய்க்கிழமை காலை கொட்டகலைக் கடைவீதி பேக்கரியில் பாண் வாங்கிக்கொண்டிருந்தேன். ஓட்டோக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, "சேர், நம்ம மாஸ்டர் போயிட்டாருங்க. தூக்கத்துலயே" என்றார்.

"கஷ்டப்பட்டாரா?"

"இல்லைங்க. படுக்கப் போறப்பகூட, கொழும்புல படிக்கிற நம்ம சிவரஞ்சனியோட போன்ல பேசிச் சிரிச்சிருக்காரு."

துக்கத்தோடு ஒரு நிம்மதியும் வந்தது. ஏன் என்று சொல்ல வேண்டும்.

எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் நான் பிரதி அதிபராக இருந்தபோது அவர் உடற்கல்வி ஆசிரியராக வந்தார். பெண் பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டம் பழக்கினார். சில ஆண்டுகளில் கொழும்புக் கல்லூரிகள் தேடிவரத் தொடங்கின. உயர்தர வகுப்பில் இடம், விடுதி, சாப்பாடு என்று எல்லாவற்றையும் வாயால் சொல்வார்கள். ஒரு பிள்ளைக்கு மூன்று பேர், புதுச் சப்பாத்தோடு தொழிலாளர் லயத்து வாசலில் நிற்பார்கள். ஒருவர் மாஸ்டருக்குக் கைக்கடிகாரமே கொண்டுவந்தார். "எனக்கு மணி தெரியும் சேர். பந்து இருந்தா பள்ளிக்கூடத்துக்குக் குடுங்க" என்று திருப்பி அனுப்பினார்.

பிறகு அவர் ஒரு வழக்கம் வைத்தார். பிள்ளை வேண்டுமென்றால் வருடத் தொடக்கத்தில், முதலாம் தவணையிலேயே பாடசாலைக்கு வர வேண்டும். தாய் தகப்பன் முன்னால், தரப்போவதையெல்லாம் எழுதிய கடிதத்தில் கையெழுத்திட வேண்டும். அதற்குப் பின் யாரும் லயத்துக்குப் போகக் கூடாது. ஓய்வு பெற்றிருந்த நான்தான் கடிதம் தயாரிப்பேன். ஆனால் எனக்கு மனம் ஒப்பவில்லை.

"பதினாறு வயசுப் புள்ள மாஸ்டர். அப்புறம் இதைவிட நல்ல எடம் வந்தா?"

"வந்தா போகட்டும் சேர். கையெழுத்து அவங்களைத்தான் கட்டணும், புள்ளையக் கட்டக் கூடாது. பரீட்சை வரைக்கும் வாசல்ல ஆள் நின்னா அது எப்ப படிக்கும்?"

"அதுக்காக இவ்வளவு அவசரமா?"

"நீங்க யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள அதுக்குக் கல்யாணமே ஆயிரும் சேர்!"

சென்ற ஆண்டு சிவரஞ்சனியின் முறை வந்தது. காயம் பட்டாலும் இடம் உண்டு என்று எழுதச் சொல்லியிருந்தார். விளையாடப் போகும் பிள்ளைக்குக் கால் உடைவதைப் பற்றி எழுதுவதா, வந்தவர்கள் முகம் சுளிப்பார்களே என்று பயந்து, நான் அதை விட்டுவிட்டு டைப் செய்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

கொழும்புக் கல்லூரி ஒன்றின் விளையாட்டுப் பொறுப்பாளர் முத்திரையோடு வந்தார். மாஸ்டர் கடிதத்தைப் படித்தார். என்னைப் பார்த்தார். "ஒரு வரி விட்டுப்போச்சு சேர்" என்று மட்டும் சொல்லி, என் பையிலிருந்த பேனாவை எடுத்து அடியில் எழுதினார்.

"எங்க வார்த்தையில நம்பிக்கை இல்லையா மாஸ்டர்?" என்றார் வந்தவர்.

"உங்கள நம்புறேன். நீங்க மாற்றலாகிப் போனா அடுத்து வர்றவரை எனக்குத் தெரியாதே."

அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்திட்டார். பேனா மாஸ்டரிடமே தங்கிவிட்டது.

பரீட்சை முடிந்து, ஹட்டனில் நடந்த அரையிறுதியில் சிவரஞ்சனியின் முழங்கால் தசைநார் அறுந்தது. ஒரு வருடம் விளையாட முடியாது என்றார் டாக்டர். அவளுடைய தாய் புஷ்பம் கொழுந்து பறிப்பவர். "இனி யாரு சேர் கூப்பிடுவா? கால் ஆறினதும் எங்கூடக் காலைப் பெரட்டுல நின்னு கொழுந்து பறிக்கப் போக வேண்டியதுதான்" என்று அழுதார். கல்லூரிக்குத் தொலைபேசி எடுத்தோம். பழைய பொறுப்பாளர் மாற்றலாகிப் போய்விட்டார். புதியவர், "அப்படி ஒண்ணும் கேள்விப்படலையே" என்றார்.

மாஸ்டர் என்னையும் இழுத்துக்கொண்டு கொழும்புக்கு ரயில் ஏறினார். புதியவர் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மத்ததெல்லாம் டைப்பில இருக்கு. இந்த வரி மட்டும் கையால எழுதியிருக்கே?"

"கீழ இருக்கிற கையெழுத்தும் கையால போட்டதுதானே சேர்" என்றார் மாஸ்டர்.

அவர் கையெழுத்தையும் முத்திரையையும் மறுபடி பார்த்தார். பிறகு விடுதிப் பதிவேட்டை எடுத்துவரச் சொன்னார். சிவரஞ்சனியின் பெயரை அதில் எழுதினார். நான் விட்ட வரியைப் பற்றி, திரும்பி வரும் வழியெல்லாம், மாஸ்டர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வியாழக்கிழமை அவரை மைதானத்தைச் சுற்றித் தூக்கிச் சென்றோம். கொழும்பிலிருந்து வந்திருந்த சிவரஞ்சனி கைத்தடி இல்லாமல், சற்றுத் தாங்கித் தாங்கி, கடைசிவரை கூடவே நடந்தாள். பெட்டியை மூடுமுன் பார்த்தேன். அவருடைய சட்டைப் பையில் விசிலும் என் பேனாவும் இருந்தன. பேனாவை நான் திருப்பிக் கேட்கவில்லை.

மேலே மூன்றாவதாக அவசரம் என்று எழுதினேன். அது பிழை. அவர் எல்லாவற்றையும் உரிய நேரத்தில் செய்தார். என் பயத்துக்குத்தான் நான் நிதானம் என்று பெயர் வைத்திருந்தேன். போய் வாருங்கள், மாஸ்டர்.