தோட்டத்து ஜீப்பில் டியூசன் டீச்சர்

ஏலத்தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு கம்பத்திலிருந்து புறப்பட்டபோது, ஊரில் டியூசன் எடுக்கும் டீச்சர் என் ஜீப்பை மறித்தார். ஒல்லியானவர். பேசும்போதெல்லாம் துப்பட்டா நுனியால் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார்.

வண்டிக்குள் தாயோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணைக் காட்டினார். “இவளுக்கு இன்னைக்குப் பத்தாவது இங்கிலீஷ் பரிட்ச. எறக்கி விடுங்க.”

அந்தப் பெண்ணின் தாய் மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். “ஆள் கொறஞ்சா கங்காணி என்னையும் வேலைக்கு வராதம்பாக, டீச்சர்.”

எனக்கோ நேரமாகிக்கொண்டிருந்தது.

“அப்ப அவளுக்குப் பதிலா நான் வாரேன்.”

சொல்லிக்கொண்டே டீச்சர் ஏறிவிட்டார். அந்தப் பெண் இறங்கிப் பள்ளிக்கு ஓடினாள்.

மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தார் டீச்சர். “திரும்பிரலாமா?” என்று கேட்டேன்.

“அங்கன பரிட்ச ஆரம்பிச்சிருக்கும். நீங்க போங்கண்ணே.”

சாயங்காலம் கம்பத்தில் அவரைக் கைத்தாங்கலாக இறக்கிவிட்டவள் அந்தத் தாய்தான். வண்டியை எடுக்கத் தோன்றாமல் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.