கழுவாத சல்லடை

போன ஆண்டு, மதுரையில் நான் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த கல்லூரி. ஒரு புதன்கிழமை, காலை பத்து இருபது. கணினித் திரையில் முதலில் என் கண்ணில் பட்டவை மூன்று புள்ளிகள். மற்ற முப்பதும் கீழே ஒரே இடத்தில் நெருக்கியடித்துக் கிடக்க, இந்த மூன்று மட்டும் வெகுதூரம் தள்ளி மேலே நின்றன.

ஒவ்வொரு புள்ளியும் ஒரு சிர்க்கான் துகளின் வயது. கிரானைட்டுக்குள் சீனியைவிடச் சிறிதாக இருக்கும் கனிமம் அது. அதிலுள்ள யுரேனியம் மெல்ல மெல்ல ஈயமாக மாறிக்கொண்டே இருக்கும். எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளந்தால் துகள் பிறந்த காலம் தெரிந்துவிடும். இன்று சமவெளியாகத் தெரியும் மதுரைப் பக்கம், ஒரு காலத்தில் நிலத்திட்டுகள் மோதி மலைகள் எழுந்த இடம். அப்போது ஆழத்தில் உருகி, பிறகு இறுகியதுதான் இங்குள்ள கிரானைட். உருகியது எந்தப் பாறை என்பதுதான் கேள்வி. அடியில் கிடந்த மிகப் பழைய பாறைதான் உருகியது என்று என் வழிகாட்டிப் பேராசிரியர் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தார். கையில் சான்று இல்லாததால் பிறர் சிரித்துவிட்டுப் போனார்கள்.

சமயநல்லூர் அருகே நான் உடைத்து வந்த கல்லில் முப்பது துகள்களுக்கு வயது சுமார் ஐம்பத்தைந்து கோடி ஆண்டு. மூன்றுக்கு மட்டும் இருநூற்றைம்பது கோடி.

"பாத்தியாம்மா! அடியில பழசு கெடக்குன்னு தலையில அடிச்சுச் சொன்னேன்ல? எவன் கேட்டான்? மூணும் உருகாமத் தப்பிச்சு வந்திருக்கு!" என்றார் பேராசிரியர். பதினோரு மணிக்குத் துறையில் எல்லோருக்கும் டீயும் பருப்புப் போளியும் வந்தன. கருத்தரங்கிற்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்பக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி.

என் கையிலிருந்த போளி அப்படியே இருந்தது. ஆய்வகத்தில் என் கல்லுக்கு முந்தி உடைக்கப்பட்டது உடன் படிப்பவர் வடக்கே நாமக்கல் பக்கமிருந்து கொண்டுவந்த பாறை. அதன் வயது இருநூற்றைம்பது கோடி.

கல்லை எந்திரத்தில் உடைத்துச் சல்லடையில் சலித்த பிறகு, சல்லடையைக் கழுவிக் காயவைத்த பின்தான் அடுத்த கல்லைப் போடவேண்டும். கண்ணியில் ஒரு துகள் மாட்டியிருந்தாலும் அடுத்தவர் கணக்கில் சேர்ந்துவிடும். அதற்கென்று ஒரு பதிவேடு உண்டு. 'கழுவப்பட்டது' என்ற கட்டத்தில் டிக் அடித்துக் கையெழுத்திட வேண்டும். நான் டிக் அடித்திருந்தேன். எல்லாக் கட்டங்களையும் மாலையில் மொத்தமாக நிரப்புவது எங்கள் வழக்கம். கழுவினேனா என்பதுதான் நினைவில்லை.

எந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆய்வக உதவியாளரிடம் போனேன். அவரைப் பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம்.

"என்னம்மா, சார் போளி வாங்கிக் குடுக்குறாரு, உன் மூஞ்சி மட்டும் எழவு வீட்டுக்குப் போயிட்டு வந்த மாதிரி இருக்கு?"

"பாய், அன்னைக்கு நான் சல்லடையக் கழுவுனேனா?"

"நீ எங்கிட்டுக் கழுவுன? மோட்டார் ரிப்பேரு, சொட்டுத் தண்ணியில்ல. பிரஷ்ஷ வச்சு நாலு தட்டுத் தட்டுன. நாளைக்குப் போடும்மான்னேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு பாய்னு பறந்த." சொல்லிக்கொண்டே வந்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "அல்லாவே, அதுதானா விசயம்?" பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நானாப் போயி யார்ட்டயும் சொல்லமாட்டேன். சார் என்னையக் கேட்டா மட்டும் சொல்லுவேன்."

இரண்டு நாள் வில்லாபுரத்திலுள்ள வீட்டுக்கும் கல்லூரிக்குமாகப் போய் வந்துகொண்டிருந்தேன். பேராசிரியர் சொல்வது சரியாகவும் இருக்கலாமே என்ற எண்ணம்தான் பெரிய தொல்லை. அந்த மூன்றும் உண்மையிலேயே என் கல்லில் இருந்திருக்கலாம். கிரானைட்டில் பழைய துகள் அகப்படுவது புதிதல்ல. வாயை மூடிக்கொண்டிருந்தால் அது பொய் ஆகாது என்றுகூடப் பேருந்தில் உட்கார்ந்து எனக்கு நானே வாதாடினேன்.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்குப் பேராசிரியர் அழைத்தார். சுருக்கத்தைத் தட்டச்சு செய்து முடித்திருந்தார். என் பெயரை முதலில் போட்டிருந்தார். "இனிஷியல் சரியாம்மா, பாத்துச் சொல்லு."

"சார், சல்லடையக் கழுவல."

"எந்தச் சல்லடைய?"

சொன்னேன். பதிவேட்டில் டிக் அடித்ததையும் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் அழுதிருப்பேன். திட்டவில்லை. நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துக்கொண்டு அந்த மூன்று புள்ளிகளையே பார்த்தார்.

"ஒருவேள, இந்தக் கல்லுலயே இருந்திருந்தா?"

"இருக்கலாம் சார். எனக்குத் தெரியல."

"எனக்கும்தான் தெரியல."

போகலாமா, நிற்கவேண்டுமா என்று தெரியாமல் நின்றேன். ஐந்து மணி ஆனது. ஐந்து ஐந்து ஆனது. அனுப்பாமலே கணினியை அணைத்தார். "காலையில ஏழு மணிக்கு ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துரு. சுத்தியல நான் எடுத்துட்டு வாரேன்" என்றார்.

மறுநாள் அதே பாறையில் மீண்டும் உடைத்தோம். ஒரு சாக்குக் கல்லை இருவருமாகத் தூக்கிப் பேருந்தில் ஏற்றியபோது நடத்துநர் மூட்டையைக் காலால் தட்டிப் பார்த்தார். "என்ன சார், கல்லா? மதுரையில கல்லுக்கு அம்புட்டுப் பஞ்சமா?"

"தம்பி, இதுக்கு ஐம்பத்தஞ்சு கோடி வயசு" என்றார் பேராசிரியர்.

"அப்பச் சீனியர் சிட்டிசன்தான். ஆனாலும் லக்கேஜ் டிக்கெட் உண்டு."

நான் உண்மையைச் சொன்ன பிறகு அவர் சிரித்தது அப்போதுதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த முறை பாய் சல்லடையை மூன்று தடவை கழுவவைத்தார். ஒவ்வொரு தடவையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்த பிறகே தலையாட்டினார். தேர்ந்தெடுத்த துகள்களை வயது பார்க்கும் வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பினோம். முடிவு வர இரண்டு மாதம் பிடித்தது. அதுவரை துறையில் யாரும் என்னிடம் அதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்காததே பெரும் பாரமாக இருந்தது. பழைய துகள் ஒன்றாவது வந்துவிட வேண்டும் என்று அவருக்காக வேண்டிக்கொண்டேன். வந்தால் என் தவறும் சிறிதாகிவிடும் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

மின்னஞ்சலை அவர் அறையில்தான் திறந்தோம். எனக்கு எண்கள் கலங்கித் தெரிந்ததால் அவரே ஒவ்வொன்றாக வாசித்தார். மொத்தம் அறுபத்திரண்டு துகள்கள்.

எல்லாமே ஐம்பத்தைந்து கோடி.