குரலின் உச்சியை வெட்டினேன்

நான் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். மைதானத்தின் மறுகோடிக்கும் கேட்கும்படி கத்தியே பழகிய தொண்டை. அறுபதுகளின் தொடக்கத்தில், வீட்டிலிருந்தே ஒயர்லெஸ்ஸில் பேச அரசாங்க லைசன்ஸ் வாங்கி, கொண்டப்பநாயக்கன்பட்டியில் நானே ஒரு செட்டைக் கட்டினேன். மாலையானால் கொழும்பிலிருந்த ஒரு நண்பரோடு பேச்சு. முகம் பார்த்ததில்லை, குரல்தான் பழக்கம். தூரமாயிற்றே என்று மைக்கிலும் டிரில் குரலிலேயே பேசுவேன்.

வந்தது வினை. ஒட்டினாற்போல் இருந்த பக்கத்து வீட்டில் புதுச்சத்திரத்துக் குடும்பம் ஒன்று. அவர்கள் ரேடியோவில் செய்தி கேட்டால் நடுவில் நான் புகுந்துவிடுவேன். அந்த வீட்டம்மா என் மனைவியிடம் வந்தார்.

"ஏனுங்க்கா, எங்கூட்டு ரேடியோவுல வாத்தியாரு வாராருங்க. சேதி சொல்றவரு பாவம், வாயடைச்சுப் போறாருங்க."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ரேடியோவை மாத்தச் சொல்லு" என்றேன். அவர் கணவர் ரேடியோவை மாற்றவில்லை; புகார் எழுதிப் போட்டார். அதிகாரி சோதிக்க வருவார், குறை இருந்தால் லைசன்ஸ் ரத்து என்று கடிதம் வந்தது.

தப்பு என்மேல்தான். பேச்சு முழுக்க ஒரே பலத்தில் வருவதில்லை. அங்கங்கே திடீரென்று எகிறும். அந்த உச்சி செட் தாங்கும் அளவை மீறினால் அலை உடைந்து அக்கம்பக்கத்து அலைவரிசைகளில் எல்லாம் சிதறும். மொத்தச் சத்தத்தையும் குறைத்தேன்; கொழும்புக்கு ஒன்றும் எட்டவில்லை. இரண்டு டயோடு வால்வுகளைப் போட்டு உச்சியை மட்டும் வெட்டினேன். வெட்டிய இடத்தின் கூர்மை புதிதாக ஒரு கரகரப்பைக் கிளப்பியது. "இப்பக் கடுகு தாளிக்கிற மாதிரி கேக்குதுங்க" என்றார் பக்கத்து வீட்டம்மா. ஒரு காயிலும் கண்டென்சரும் சேர்த்து அந்தக் கூர்மையை வடிகட்டினேன்.

அன்று மாலை கொழும்பு நண்பர் கேட்டார்: "என்ன, பவரைக் கூட்டிவிட்டீர்களா? இன்றைக்குத்தான் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வருகிறது!"

துளி பவர் கூட்டவில்லை. உச்சியை வெட்டியதால் மீதிப் பேச்சைத் தூக்கிவிட இடம் கிடைத்திருந்தது. இதை மனைவியிடம் மூன்று தடவை விளக்கினேன். மூன்றாம் தடவை அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம்.

அதிகாரி வந்தார். பக்கத்து வீட்டு ரேடியோ முன் உட்கார்ந்துகொண்டு, என்னை முழுக் குரலில் பேசச் சொல்லி அனுப்பினார். மாதாவை வேண்டிக்கொண்டு மைக்கைப் பிடித்தேன். மைதானத்தில் கொடுக்கும் அத்தனை கட்டளைகளையும் அடிவயிற்றிலிருந்து கொடுத்தேன். செட்டை அணைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்கு ஓடினேன்.

அதிகாரியின் முகம் இறுகியிருந்தது. "உங்கள் குரல் நன்றாகவே கேட்டது" என்றார்.

பக்கத்து வீட்டம்மா பதறிப்போய்க் குறுக்கே வந்தார். "ரேடியோவுல இல்லீங்க சாமி! சேதி பூராச் சுத்தமாக் கேட்டுச்சுங்க. வாத்தியாரு செவுத்து வழியா வந்தாருங்க!"

புகார் எழுதியவரே விழுந்து விழுந்து சிரித்தார். அதிகாரி அந்தப் புகார்க் காகிதத்தை நாலாய் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"சுவர் எங்கள் இலாகாவில் வராது" என்றார்.