அழிந்துபோன பதில்

முகநூலில் என் தங்கையைக் கேலி செய்தவன் நான்தான். பொய்ப் பெயர் ஒன்றை வைத்து, முகத்துக்குப் பதில் ஒரு பூவின் படத்தைப் போட்டுக்கொண்டு செய்தேன்.

சித்தூரில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் மாவட்டத் தமிழர்களின் குழுவில் நான் போடும் இலக்கணக் குறிப்புகளை யாரும் படிப்பதில்லை. திருப்பதியில் இருக்கும் தங்கையோ, நகரியில் எங்கள் தகப்பனார் எங்களை வளர்த்த கதையை வீட்டுப் பேச்சிலேயே எழுதிவந்தாள். நைனா வந்தார், நைனா சோறு துன்னார் என்றுதான் எழுதுவாள். எல்லோரும் விரும்பிப் படித்தார்கள். எனக்குப் பொறாமை. எங்கள் வீட்டுப் பேச்சு வெளியே தெரிகிறதே என்ற வெட்கமும் இருந்தது.

“துன்னுவது மாடு, அம்மணி. மனிதர் உண்பார். உங்கள் அப்பா தமிழர்தானா?” என்று எழுதினேன். சிரிப்புப் பொம்மைகள் குவிந்தன. மாலையில் அவள் போன் செய்து, யார் இவன், என்ன பதில் சொல்வது என்று என்னிடமே கேட்டாள். கண்டுகொள்ளாதே என்றேன். மறுநாள் இன்னொன்று எழுதினேன்.

அதன் கீழே அவள் நீளமாகப் பதில் எழுதினாள். நைனாவின் கடைசி நாளைப் பற்றியது. அன்று ஆஸ்பத்திரியில் அவள் மட்டும் இருந்தாள்; நான் விடைத்தாள் திருத்தப் போயிருந்தேன். கடைசியாக அவர் கேட்டது “துன்னியாம்மா?” என்பதுதானாம். அதற்குப் பிறகு அவள் எழுதவே இல்லை.

சில மாதங்கள் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. அலிபிரி பக்கத்தில் இருக்கும் அவள் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன்.

“அத்தினி பேரும் சிரிச்சப்போ, நீ ஒருத்தன் என் பக்கம் கீறன்னு நெனச்சிக்கினு இருந்தேண்ணா,” என்றாள்.

திரும்பும்போது பஸ் பூதலப்பட்டு ஊரைத் தாண்டுவதற்குள் நான் எழுதியதையெல்லாம் அழித்துவிட்டேன். என்னால் முடிந்த பரிகாரம் அதுதான் என்று நினைத்தேன். நம் கருத்தை அழித்தால் அதன் கீழே பிறர் எழுதியதும் சேர்ந்து போய்விடும் என்பது எனக்குத் தெரியாது.

இரண்டு நாள் கழித்து அவள் கூப்பிட்டாள். நைனாவைப் பற்றி எழுதிய அந்தப் பதிலைக் காணோம் என்றாள். நடந்ததைச் சொன்னேன். வேறெங்காவது எழுதி வைத்திருக்கிறாயா என்று கேட்டேன்.

“இல்லண்ணா. அழுதுக்கினே அங்கியே அடிச்சது.”

மறுபடி எழுதும்படி கெஞ்சினேன். வராது என்றாள்.