தங்கை படித்த படிப்பு

முதலில் நினைவுக்கு வருவது தங்கையின் மடியில் இருந்த பரீட்சை அட்டை. ஒரே விஷயத்தை இரண்டு விதமாக எழுதி, அதில் இரண்டு தாள் செருகியிருப்பாள். நான் செடியிலிருந்து வேர்க்கடலை ஆய்ந்துகொண்டிருப்பேன். அவள் எதிரில் உட்கார்ந்து ஒரு தாளைப் படிப்பாள், பிறகு அடுத்ததை. எதற்கு நான் தலையாட்டுகிறேனோ அதில் பென்சிலால் ஒரு குறி போடுவாள்.

திருவண்ணாமலையில் ஒரு காலேஜில் மூன்று வருஷம் படித்தாள். ஸ்ட்ராடஜிக் கம்யூனிகேஷன். பெயர் என் வாயில் நுழைய வெகுநாள் ஆயிற்று. நான் எட்டாவதோடு நின்றவன். அப்பா போன பிறகு அவளைப் படிக்க வைத்தது நான்தான்.

“இன்னா படிப்பு இது?” என்று ஒருநாள் கேட்டேன்.

“யார்கிட்ட எதை எப்படிச் சொன்னா ஏத்துக்குவாங்கன்னு படிக்கிறதுண்ணா.”

“இது தரகர் வேலையாச்சே.”

“தரகருக்கு டிகிரி குடுக்க மாட்டாங்க. நீ கடலையை ஆய்.”

கடைசி வருஷம் பெரிய ப்ராஜெக்ட். விவசாயிகளிடம் சொட்டுநீர்ப் பாசனத்தைக் கொண்டுபோவது எப்படி என்று. அவள் எழுதியிருந்தது எடுத்த எடுப்பிலேயே லாபம், மானியம் என்று ஓடியது. எனக்குத் தலை ஆடவில்லை.

“முதல்ல கிணத்துல தண்ணி எப்படின்னு கேளு” என்றேன். “அப்புறம் பிள்ளைங்க இன்னா படிக்குதுன்னு கேளு. விஷயத்தைக் கடைசியில சொல்லு. சொல்லிட்டு எழுந்து போயிடு. பதிலுக்கு நிக்காத.”

ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டாள். வகுப்பிலேயே அதற்குத்தான் அதிக மார்க். அண்ணன் சொன்னது என்று காலேஜில் சொன்னாளாம். அன்றைக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவள் படிப்புக்குப் பாடம் நான்தான் என்று தோன்றவில்லை.

சென்னையில் வேலை கிடைத்தது. கம்பெனிகள் ஜனங்களிடம் பேச வேண்டியதை எழுதித் தரும் ஆபீஸ்.

போன வருஷம் கீழ்பென்னாத்தூர் பக்கம் எங்கள் ஊருக்கு இரண்டு பேர் வந்தார்கள். கூட்டம் போடவில்லை. வீடு வீடாக ஏறினார்கள். என் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள். கிணற்றில் தண்ணீர் எப்படி என்று கேட்டார்கள். பிள்ளைகள் படிப்பைக் கேட்டார்கள். தொழிற்சாலைக்கு நிலம் வேண்டும், வீட்டுக்கு ஒருவருக்கு வேலை என்று கடைசியில் சொன்னார்கள். சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்கள்.

உடனே அவளுக்குப் போன் செய்தேன்.

“நீ எழுதினதா?”



“எந்த ஊருன்னு சொல்லலண்ணா. மாவட்டம் மட்டும்தான் சொன்னாங்க.”

“தெரிஞ்சிருந்தா?”

“வேற யாராவது எழுதியிருப்பாங்க.”

அது பொய்யில்லை. அதனால் எனக்குத் திட்டவும் வரவில்லை.

ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டார்கள். சுற்றிலும் நிலம் போன பிறகு என் ஒன்றரை ஏக்கருக்குப் போக வழியில்லை. நானும் போட்டேன். இப்போது வேங்கிக்காலில் ஒரு அபார்ட்மென்ட்டுக்கு வாட்ச்மேன்.

சொன்ன வேலை ஊரில் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. போன மாதம் பெரியப்பா நாலு பேரோடு என்னைத் தேடி வந்தார். “உன் தங்கச்சி பேசறதுக்குன்னே படிச்சவளாச்சே. கலெக்டருக்கு ஒரு மனு எழுதித் தரச் சொல்லுப்பா” என்றார். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. நான் சொல்லவும் இல்லை.

போனில் கேட்டேன்.

“எழுதித் தரேண்ணா” என்றாள். பிறகு, “ஆனா அதை விளக்கம் கேட்டுக் கம்பெனிக்குத்தான் அனுப்புவாங்க. கம்பெனிக்காகப் பதில் எழுதறதும் நான்தான்.”

மனு வந்தது. நன்றாகவே எழுதியிருந்தாள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் வரிசையில் நின்றோம். பெரியப்பா படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இதுக்குப் பதில் வராம இருக்காது” என்றார்.

“வரும்” என்றேன்.