வேட்டியின் மறுமுனை

கோணல் கையெழுத்தையும் எழுத்துப் பிழையையும் பொறுத்துக்கொள்ளுங்கள்; நான் நாலாவது வரைதான் படித்தேன்.

"ரெண்டின் மூணாம் படியை ரெண்டாம் படியால பெருக்கினா அஞ்சாம் படி" என்று மகள் கணக்குப் படித்ததும், எனக்குப் புது வேட்டியின் கஞ்சி வாசம் வந்தது.

அம்மாபேட்டையில், தறியிலிருந்து இறங்கிய வேட்டியை நானும் அக்காவும் எதிரெதிரே நின்று மடிப்போம். மூன்று மடிப்பில் எட்டு அடுக்கு.

"இன்னும் ரெண்டு மடிச்சா எத்தனைடா சாமி?"

"எட்டும் நாலும் பன்னெண்டு."

சிரித்துக்கொண்டே மடித்து, ஓரத்தை எண்ணச் சொன்னாள். முப்பத்திரண்டு.

"மடிப்பைக் கூட்டு, அடுக்கைப் பெருக்கு."

"மடிக்காமலே உட்டா, அக்கா?"

"அப்பவும் ஒண்ணு இருக்குதில்ல."

கல்யாணமாகி அவள் ஜேடர்பாளையம் போனபின், மறுமுனையை ஆணியில் மாட்டி மடித்தேன். முன்பெல்லாம் ஒவ்வொரு மடிப்புக்கும் அக்கா என்னை நோக்கி நடந்து வருவாள். ஆணி நின்ற இடத்திலேயே நின்றது.

சர்வதாரி வருஷம், ஆடி மூன்று, ஞாயிறு.