ஜெயா என்று வெட்டிய ஸ்பேனர்கள்

ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த கழக்கூட்டத்தில் ஸ்கூட்டர் மெக்கானிக் சேச்சி என்றால் சுசீலாபாய்தான். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்தவள். கடையைத் தம்பி ஜெயகுமார் பேரில் வாடகைக்கு எடுத்தார்கள். வேலையும் டூல்ஸும் அவளுடையவை. மேக்னட் புல்லர், கிளட்ச் ஹோல்டர், வால்வ் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி எல்லாம் சாலைக் கடைவீதியில் ஒவ்வொன்றாக அவள் வாங்கியவை. காதுக் கம்மல் அதில்தான் போயிற்று.

பக்கத்து ஒர்க்ஷாப்காரர்கள் ஸ்பேனர் இரவல் கேட்டால் இல்லையென்று சொல்ல முடியாது. திரும்பி வந்தால் அதிர்ஷ்டம். அதனால் கடை திறந்த வாரமே எழுத்து வெட்டும் மெஷினை வாங்கிவந்து, ஒவ்வொரு கைப்பிடியிலும் கடைப் பெயரான ‘ஜெயா’வை வெட்டினாள். தம்பி பேரைக் கையில் பிடித்து வேலை செய்வதில் அவளுக்கு ஒரு பெருமை.

ஐ.டி. கம்பெனிப் பெண்கள் “சேச்சி எவிடே?” என்றுதான் கேட்டார்கள். அவள் இல்லையென்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள். கல்லாவில் இருந்த ஜெயகுமாருக்கு அது ஆகவில்லை. வேறு மெக்கானிக்கை வைத்துக்கொண்டு அக்காவை நிறுத்திவிட்டான்.

கரமனையில் ஒர்க்ஷாப் வைத்திருந்த ஒருவர் மெக்கானிக் வேலை தரத் தயாராக இருந்தார். டூல்ஸ் சொந்தமாக வேண்டும் என்றார். எப்போதும் அவளிடமே வண்டி விடுகிறவன் நான்; டூல்ஸை எடுத்துவர அவளைக் கடைக்கு என் ஸ்கூட்டரில் கூட்டிப்போனேன். வேலை விஷயமாக ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் திரும்பியிருந்த முதல் வாரம் அது.

“எனக்க டூல்ஸ எடுத்துட்டுப் போறேன், மக்கா” என்றாள் தம்பியிடம்.

“உனக்கதா? எதுலயாவது சுசீலான்னு எழுதிருக்கா அக்கா?”

“அது கடைப் பேருல்லா! நாந்தான வெட்டினேன்!”

“அதத்தான் நானும் சொல்லுதேன். நீயே எழுதித் தந்துட்ட, பின்னே எந்தா?” சிரித்தான். “பேரு இல்லாதது இருந்தா கொண்டு போ. நான் தடுக்க மாட்டேன்.”

பலகையில் மாட்டியிருந்த ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். விரலளவு சாக்கெட்டைக்கூட அன்று அவள் பேர் வெட்டாமல் விட்டுவைத்திருக்கவில்லை. கடைசியில் பிளக் கழற்றும் டி-ஸ்பேனர் கையில் வந்தது. தினமும் பிடித்துப் பிடித்து, எழுத்து இருந்த இடம் வழுவழுவென்று ஆகியிருந்தது.

“இதுல இல்ல” என்று நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

ஜெயகுமார் அதை வாங்கினான். பெட்ரோல் துணியால் துடைத்தான். வாசலுக்குப் போய் வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான்.

“தோ, ‘ஜெ’ தெரியுதுல்லா.”

அதன் ஆணியிலேயே திரும்ப மாட்டினான்.

கரமனைக்காரர் இரக்கப்பட்டு வண்டி கழுவும் வேலை கொடுத்தார். போன வாரம் என் ஸ்கூட்டரைக் கழுவி நிறுத்தினாள். ஸ்டார்ட் ஆகவில்லை. அவள் காது கொடுத்துக் கேட்டாள்.

“பிளக்கு மக்களே. கழத்தித் துடைச்சாப் போதும்.”

“கழற்றுங்களேன் அக்கா.”

ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். “அவங்ககிட்ட சொல்லு” என்று உள்ளே இருந்த மெக்கானிக்குகளைக் கைகாட்டிவிட்டு, அடுத்த வண்டிக்கு ஹோஸைத் திருப்பினாள்.